புகார் எண் நான்கு

டூசானில் ஜூலை. இரவு பத்தரை.
எழுபத்தாறு கேட்டிருந்தேன்.
சுவரிலிருந்த சின்னக் கண்ணாடி
தொண்ணூற்றொன்று என்றது,
வட்டிக்காரன் பாக்கி சொல்லும் நிதானத்தோடு.

மேல்துவாரத்தில் காற்று வருகிறது.
அதுதான் வயிற்றெரிச்சல்.
முன்பின் தெரியாத ஆள்
முகத்துக்கு நேரே வாய்திறந்து
மூச்சு விடுவதுபோல் வருகிறது.

தெர்மோஸ்டாட்டுக்குப் புது பேட்டரி போட்டேன்.
இல்லை.
ஃபில்டரை உருவினேன்.
நாயின் இரண்டு கோடைக்கால ரோமம்
கம்பளியாய்ப் படிந்திருந்தது.
ஓரத்தில் நானே எழுதிய தேதி, போன வருடத்தது.
புதியதைச் சொருகினேன். இல்லை.
பிரேக்கரை இறக்கி, முப்பது எண்ணி, ஏற்றினேன்.
இக்னாசியோ ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து
அதன் முன் சம்மணமிட்டு
டைனோசர் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.
மூடுடா என்று கத்தவும் தெம்பில்லை.

சர்வீஸ் கம்பெனிப் பெண் கொட்டாவியோடு சொன்னாள்:
வியாழக்கிழமை.
இன்று திங்கள்.

அப்போதுதான் கதவைத் தட்டினார்
லோவல் ஸ்ட்ரவுட், பக்கத்து வீடு.
நான்கு மாதத்தில் என்மேல் மூன்று புகார் எழுதியவர்:
என் இயந்திரம் அவர் சன்னலை அதிரவைக்கிறதாம்,
பல்செட் போட்ட டம்ளர் நடுங்குகிறதாம்,
சங்கம் உடனே தலையிட வேண்டுமாம்.

பைஜாமா. கையில் டார்ச்.
"தூங்க முடியவில்லை" என்றார்.
நான் சண்டைக்கு வாயெடுப்பதற்குள்
"சத்தம் வரவில்லை" என்றார்.

பக்கவாட்டுச் சரளையில் குனிந்து
பெட்டியருகே காதைக் கொடுத்தார்.
"முதலில் ஒரு டக். வருகிறது.
அப்புறம் ஒரு முனகல். அதுவும் வருகிறது.
மூன்றாவது, விசிறி எழுந்திருக்கும்போது
கொஞ்சம் சுதி பிசகி ஒரு விஸ்.
அதைக் காணோம்."

பதினொரு வருடம் என் சுவரோடு ஒட்டியிருந்ததை
நான் கேட்டதே இல்லை.
அதனிடம் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

"மூடியைத் திறக்காதே" என்றார்.
"உள்ளே ஒரு டப்பா இருக்கிறது.
மின்சாரத்தை விழுங்கிவிட்டு
செத்ததுபோல் கிடக்கும்."
சுவிட்சை அணைத்தோம்.
சூடேறிக் கிடப்பதை அரைமணி ஆறவிடச் சொன்னார்.
ஹோஸைத் திருப்பினேன்.
முதல் இரண்டு நிமிடம் வெந்நீர்தான் வந்தது.

அந்த அரைமணியில் பேச எங்களிடம்
மூன்று கடிதங்களைத் தவிர வேறொன்றும் இல்லை.
நாய் அவர் செருப்பை முகர்ந்துவிட்டுப் படுத்தது.
தெற்கே மின்னியது. கிரியோசோட் புதர் மணத்தது.
மழை வரவில்லை.
"டம்ளர் எப்படி இருக்கிறது?" என்றேன், குத்தலாக.
"அசையாமல் இருக்கிறது" என்றார்.
சற்றுக் கழித்து,
"ரூத் போனபிறகு
வீட்டில் அசைவது அது ஒன்றுதான்."

தக்காளிச் செடிக்கு ஊன்றிய மூங்கில் குச்சியைப் பிடுங்கினேன்.
சுவிட்ச். டக். முனகல்.
அவர் குச்சியைக் கம்பிவலைக்குள் விட்டு
இறக்கையை ஒரே ஒரு தள்ளு.
சோம்பேறிபோல் அரைவட்டம்,
பிறகு முழுவட்டம்,
பிறகு இறக்கையே தெரியவில்லை.
சுதி பிசகிய விஸ்.
உள்ளே இக்னாசியோ ஃபிரிட்ஜை மூடினான்.

வியாழன்வரை அது நின்றபோதெல்லாம்
கூப்பிடாமலே வந்தார், குச்சியோடு.
ஒருமுறை விடியற்காலை நான்கு மணிக்கு.
நின்றதே எனக்குத் தெரியாது.

வியாழன் மெக்கானிக் பெண்
தலை உப்பிய தகர டப்பா ஒன்றைக் கழற்றி
புதியதை மாட்டினாள்.
கப்பாசிட்டராம். கால்மணி வேலை,
காலாண்டு வட்டிபோல் ஒரு பில்.

அடுத்த செவ்வாய் தபாலில்
சங்கத்தின் முத்திரையோடு வந்தது:
புகார் எண் நான்கு.
பழுதுபார்த்தபின் சத்தம் அதிகம்.
டம்ளர் மறுபடி நடுங்குகிறது.
கையெழுத்து, லோவல் ஸ்ட்ரவுட்.

இரண்டுமுறை படித்தேன்.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
ஃபில்டர் மாற்றிய தேதியை அதில் எழுதி
சுவர்க்கண்ணாடிக்குக் கீழே
ஒட்டிவைத்தேன்.